கரைக்கு அம்மை போட்டிருக்கு

ஏம்மா, இந்தப் பையை உன் மடியில கொஞ்சம் வெச்சுக்கிறியா? கீழ வெச்சா எவனாவது மிதிச்சிடுவான். வாத்து முட்டைதான். அவிச்சது, ஒழுகாது. ஜன்னலோரமா சொகுசா உக்காந்திருக்கே, உனக்குப் புண்ணியமாப் போவும்.

திருச்சி வரைக்குமா? நானும் அங்கதான். காலேஜுக்குப் போறேன். சிரிக்காதே, இந்த வயசுல படிக்கவா போவேன்? எங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு இன்னிக்கு டாக்டர் ஆவப் போவுது. ஊசி போடுற டாக்டர் இல்ல. வெள்ளத்தைத் தடுக்குற கரை இருக்குல்ல, அதுக்கடியில மண்ணு எப்படி அரிக்குதுன்னு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்கு. நீ முழிக்கிற மாதிரிதான் நானும் முழிச்சேன். "ஏண்டி, மண்ணு அரிக்கிறதைப் பாக்கவா உங்கப்பாரு உன்னைப் படிக்க வெக்கிறாரு?"ன்னு கேட்டேன். "ஆமாக்கா"ன்னு சிரிச்சுது. சிரிச்சா கன்னத்துல குழி விழும். அந்தக் குழியைப் பாத்துத்தான் மாடி ரூமை வாடகைக்கு விட்டேன்னு எங்க ஊட்டுக்காரர் கேலி பண்ணுவாரு.

எங்க வீட்டுப் பொண்ணுன்னா பெத்த பொண்ணு இல்லம்மா. குடியிருந்த பொண்ணு. பேரு ஆன்சி. நாகர்கோவில் பக்கம், வேதக்காரப் பொண்ணு. என் பேரு தையல்நாயகி. நாணல்படுகை ஊராட்சி, நாலாவது வார்டு மெம்பர். கொள்ளிடக் கரைக்குக் கீழ எங்க ஊரு. கீழன்னா நெசமாவே கீழ. ஆத்துல வெள்ளம் வந்தா தண்ணி எங்க வீட்டு சன்ஷேடு உசரத்துக்கு அந்தாண்ட நிக்கும், நாங்க இந்தாண்ட சோறு ஆக்கிக்கிட்டு இருப்போம். நடுவுல கரை. அதை நம்பித்தான் படுத்துத் தூங்குறது.

அதுக்காகவேதான் நான் வீட்டுத் தளத்தை உசத்தினேன். ஊர்லயே மொத ஆளு நான்தான். இடுப்பு உசரம்! மண்ணு வெலைக்கு வாங்கல. கொல்லையில, கரையடியிலேயே அருமையான களிமண்ணு, வெண்ணெய் மாதிரி. வெட்டி வெட்டி அள்ளினோம். "பள்ளமாப் போச்சேடி"ன்னு எங்க ஊட்டுக்காரர் மொணங்கினாரு. பள்ளமாப் போனா என்ன? மழைத் தண்ணி நின்னுது, நாலு வாத்து வாங்கி விட்டேன். வீடும் உசந்துச்சு, முட்டையும் வந்துச்சு. ஆம்பளைங்களுக்கு இந்த ரோசனை வருமா, நீயே சொல்லு.

மொத நாளு ஆன்சிக்குக் காப்பி குடுத்துட்டு இந்தப் பெருமையைத்தான் பேசிக்கிட்டிருந்தேன். அந்தப் புள்ள டம்ளரைக் கீழ வெச்சிடுச்சு. "எவ்வளவு ஆழம்க்கா வெட்டினிய?"ன்னுச்சு. "ஆளு முழுவும்டி"ன்னேன். உடனே எழுந்து கொல்லைக்குப் போயி, பள்ளத்தையும் கரையையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு நிக்குது. வாத்துன்னா அவ்வளவு ஆசை போல. அங்கேயே நின்னு, "எனக்கு இந்த வீடுதான் வேணும்க்கா"ன்னு சொல்லிடுச்சு. அட்வான்ஸ் பேரம்கூட பேசல.

அப்புறம் என்னா, கொல்லை முழுக்க மெல்லிசு மெல்லிசாக் குழாயை எறக்கிச்சு. மண்ணுக்குள்ள தண்ணி எவ்வளவு ஏறுது எறங்குதுன்னு அதுல பாக்குமாம். என் கொழுந்தனார் பக்கிரிசாமி இருக்காரே, டிராக்டர் வெச்சிருக்காரு, வாயும் அதே சத்தம்தான். அவரு வந்து, "அண்ணி, மீத்தேன் எடுக்க வந்திருக்காங்க, வெரட்டி உடுங்க"ன்னு குதிச்சாரு. "மீத்தேனும் இல்ல, சுட்ட தேனும் இல்ல, போய்யா"ன்னு அனுப்பிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது எனக்குப் பாடம் எடுக்கும். வெள்ளம் வந்தா தண்ணி கரைக்கு மேல ஏறி வந்தாத்தான் ஆபத்துன்னு நாம நெனைக்கிறோம். அப்படி இல்லையாம். கரைக்கடியில மணல் இருக்கு, அதுக்குள்ள பூந்து வருமாம். இந்தப் பக்கம் மேல்மண்ணு எங்க மெல்லிசா இருக்கோ, அங்க குபுகுபுன்னு வெளிய வருமாம். சும்மா வராது, மணலையும் தூக்கிக்கிட்டு வரும். எலி வளை தோண்டுற மாதிரி பின்னாடியே தோண்டிக்கிட்டுப் போயி, வளை ஆத்தைத் தொட்டுச்சுன்னா தீந்துச்சு, கரை அப்படியே உக்காந்துடும். "மேல களிமண்ணு மூடி மாதிரி இருக்கப்பட்ட எடத்துல பயமில்லக்கா. மூடியை எடுத்துட்டாத்தான் கஷ்டம்"னு சொல்லிட்டு என் மூஞ்சியவே பாக்கும். நான் வெளங்கிக்கிறேனான்னு பாக்குது. "அதானே, மூடியைப் போயி எவனாவது எடுப்பானா?"ன்னு நானும் ஒத்து ஊதுவேன். அது ரசத்தைக் குடிக்கும்.

ஒரு கஷ்டம் மட்டும் அதுக்கு இருந்துச்சு. காலேஜுல கண்ணாடித் தொட்டியில மணலைக் கொட்டி, தண்ணியை விட்டு, எல்லாம் செஞ்சு பாத்தாச்சாம். நெசக் கரையில, நெச வெள்ளத்துல ஒரு தடவை கண்ணால பாத்து அளந்தாத்தான் ஆராய்ச்சி முழுசாவும். அதோட புரொபசரு, இந்த வருஷம் வெள்ளம் வரலேன்னா தொட்டியோட முடிச்சுக்கன்னு சொல்லிட்டாராம். அதனால அது தெனம் மாடியில முட்டி போட்டு, வெள்ளம் வரணும்னு ஜெபம் பண்ணும். நான் கீழ வெளக்கேத்தி, தாயே வெள்ளம் வந்துடக் கூடாதுன்னு மாரியம்மனைக் கும்பிடுவேன். ஒரே வீட்டுல ரெண்டு கட்சி!

அதோட சாமிதான் ஜெயிச்சுது. ஆடி மாசம், மேட்டூரு நெறஞ்சு, கொள்ளிடத்துல ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு வருது தண்ணி. எங்க மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்துறதுக்குப் பந்தல் போட்டு, மைக் செட்டெல்லாம் கட்டியாச்சு. அன்னிக்குக் காலையில வாத்தைத் தொறந்து விடுறேன், ஒண்ணுகூட குட்டையில எறங்க மாட்டேங்குது. குட்டை ஓரத்துல நின்னுக்கிட்டு கத்துதுங்க. என்னடான்னு பாத்தா, வெயில்ல வத்தி கணுக்கால் தண்ணியாக் கெடந்த குட்டைக்கு நடுவுல உலை கொதிக்கிற மாதிரி கொதிக்குது. சுத்தியும் மணலு, எறும்புப் புத்து கணக்கா வட்டமாக் குமிஞ்சிருக்கு.

"ஆன்சி!"ன்னு ஒரு சத்தம்தான் போட்டேன். நைட்டியோட ஓடியாந்துச்சு. பாத்ததும், "வந்துட்டுக்கா! வந்துட்டு!"ன்னு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரு ஆட்டம். நானும் என்னா ஏதுன்னு தெரியாம கூட ஆடினேன். அப்புறம் குனிஞ்சு அந்தத் தண்ணியைக் கையில ஏந்திப் பாத்துச்சு. கலங்கலா இருந்துச்சு. மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு.

"இது என்னடி?"

"கொப்புளம்க்கா. இங்கிலீஷ்ல ஒரு பேரு இருக்கு, தமிழ்ல சொன்னா மணல் கொப்புளம்னு வரும்."

கரைக்குக் கொப்புளமா? ஆடி மாசத்துலயா? மேல சொல்லணுமாம்மா உனக்கு?

அதுக்குள்ள பக்கிரிசாமிக்கு மூக்குல வேர்த்துடுச்சு. டிரெய்லர் நெறைய மண்ணை ஏத்திக்கிட்டு வந்து நிக்கிறாரு, பின்னாடியே ஊரு ஆம்பளைங்க அத்தனை பேரும். "ஓட்டையை அடைக்கிறதுக்கு என்ன ஆராய்ச்சி? கொட்டு மண்ணை!"ங்கிறாரு. ஆன்சி டிராக்டருக்கு முன்னாடி போயி நின்னுடுச்சு. "அண்ணே, அடைக்கப்பிடாதுண்ணே. இங்க அடைச்சா பக்கத்துல பிச்சுக்கிட்டு வரும். தண்ணி வரட்டும். மண்ணுதான் வரப்பிடாது. சுத்தி மணல் மூட்டை அடுக்கணும்"னு கையெடுத்துக் கும்பிடுது. எவன் கேக்குறான்? வெளியூருப் பொண்ணு, கட்டை விரல் தண்டி இருக்கு. "தண்ணி வரட்டுமாம்ல!"ன்னு சிரிக்கிறானுங்க. பக்கிரிசாமி எஞ்சினை உறுமுறாரு.

அந்தப் புள்ள என்கிட்ட ஓடியாந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சும்மா. "மண்ணைக் கொட்டினா கரை போயிரும்க்கா. நம்ம வீடுதான் முதல்ல போகும்"னுச்சு. நம்ம வீடுன்னு சொல்லிச்சு பாத்தியா? வாடகைக்கு இருக்கிற புள்ள. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இப்பச் சொல்லும்போதுகூட வருது பாரு.

ஓடினேன். இந்த ஒடம்பைத் தூக்கிக்கிட்டு கோயில் வரைக்கும் ஓடினேன். மைக்கைப் புடிச்சேன்.

"ஊர்ப் பொதுமக்களே, மெம்பர் தையல்நாயகி பேசுறேன். நம்ம கரைக்கு அம்மை போட்டிருக்கு. கொப்புளம் தெரிய ஆரம்பிச்சிடுச்சு. அம்மையை அடக்கக் கூடாது, உள்ள அமுக்கினா உசுருக்கே மோசம். அதுவா எறங்கணும். எவனாவது அம்மா மேல மண்ணை அள்ளிப் போட்டா, அவன் குடும்பம் வெளங்காது. மூட்டை மட்டும் சுத்தி அடுக்கலாம்னு உத்தரவு. ஆன்சி சொல்ற மாதிரி அடுக்குங்க!"

யாரு உத்தரவுன்னு நான் சொல்லல. எவனும் கேக்கவும் இல்ல.

திரும்பி வந்து பாக்குறேன், டிராக்டர் எஞ்சின் நின்னு போச்சு. பக்கிரிசாமி தோள்ல கெடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, மொத மூட்டையை அவரே தூக்குறாரு. கரை மேல வெள்ளத்துக்குன்னு அடுக்கி வெச்சிருந்த மணல் மூட்டை எல்லாம் எறங்குது. ஆன்சி காட்டக் காட்ட, கொப்புளத்தைச் சுத்தி கெணத்துக்குச் சுவர் கட்டுற மாதிரி வட்டமா அடுக்கினாங்க. உள்ள தண்ணி ஏற ஏற, வர்ற வேகம் கொறையுது. உள்ள நிக்கிற தண்ணியோட எடை கீழேர்ந்து வர்ற தண்ணியை அமுக்குமாம், அப்புறம் மணலைத் தூக்கிக்கிட்டு வர அதுக்குத் தெம்பு இருக்காதாம். மத்தியானத்துக்குள்ள தண்ணி பன்னீர் மாதிரி தெளிஞ்சுடுச்சு. நான் என்ன சொன்னேன்? அம்மா சாந்தமாயிட்டா.

ஆன்சி என் காதுகிட்ட வந்து, "என்னக்கா மைக்குல சொன்னிய? அம்மையா?"ன்னுச்சு. "நீதானடி கொப்புளம்னே? நான் தமிழ்ல சொன்னேன்"னேன். அது அளக்குற வேலை இருக்குன்னு போயிடுச்சு.

ஆனா அம்மைன்னா சும்மாவா? ஊரு பூரா தாளிப்பு கெடையாது. எண்ணெய்ச் சட்டி அடுப்புல ஏறல. கவிச்சி கூடவே கூடாது. நாகர்கோவில் புள்ளைக்கு மீன் இல்லாம சோறு எறங்குமா? தயிருசோத்தைப் பெசஞ்சுக்கிட்டே, "வெள்ளம் எப்பக்கா வடியும்?"னு கேக்கும். வெள்ளம் வரணும்னு முட்டி போட்ட அதே புள்ள! பக்கிரிசாமி பொண்டாட்டிகிட்ட, "ஒரு கடுகாவது போடேண்டி"ன்னு கெஞ்சினதை நான் என் காதால கேட்டேன்.

அப்புறம் ஒரு கூத்து நடந்துச்சு, அதை உனக்குச் சொல்லியே ஆவணும். மூட்டை அடுக்கி மூணாம் நாளு. ஆன்சி மாடியில கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக்கிட்டு இருந்துச்சு. நான் அம்மைக்கு முறை எதையும் செய்யலையேன்னு, ஒரு குடம் மஞ்சத்தண்ணியைக் கரைச்சு, வேப்பங்கொத்தைப் போட்டு, அந்த வட்டத்துக்குள்ள ஊத்திட்டு வந்தேன். சத்தம் போடாமத்தான் ஊத்தினேன். கொஞ்ச நேரத்துல அது அளக்கப் போச்சு. அலறுச்சு பாரு ஒரு அலறல்! "கலங்கிட்டு! மண்ணு வருகு! எல்லாரும் கரை மேல ஏறுங்க!"

நேரா கோயிலுக்கு ஓட்டம். மைக்கு ஆன் பண்ணத் தெரியல, நான்தான் பின்னாடியே போயி பண்ணிக் குடுத்தேன். கொப்புளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஊரே ஏறுது கரை மேல, எங்க ஊர்ல வேற மேடு ஏது? ஆடு, மாடு, டிவி. பக்கிரிசாமி ஒரு கையில மிக்சி, ஒரு கையில கண்ணுக்குட்டி. நான் என் வாத்துங்களைச் சாக்குல போட்டுத் தூக்கிக்கிட்டு ஏறினேன். மேல போனதும்தான் மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டேன், "என்ன நெறத்துலடி வந்துச்சு?"

"மஞ்சளாக்கா! களிமண்ணும் சேந்து வருகு!"

"அட, அது என் மஞ்சளுடி!"

அது என்னைப் பாத்துச்சு. கீழ எறங்கிப் போயி, ஒரு கை அள்ளி மோந்து பாத்துச்சு. வேப்பங்கொத்து மெதக்குது. அப்படியே மூட்டை மேல உக்காந்துடுச்சு. அழுவுதோன்னு பதறிக்கிட்டு போறேன், சிரிக்குது. வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்குது, கண்ணுல தண்ணி கொட்டுது. பக்கிரிசாமி மேலேர்ந்து மிக்சியை ஆட்டிக்கிட்டு, "அண்ணீ!"ன்னு பல்லைக் கடிக்கிறாரு. "ஒத்திகைன்னு நெனைச்சுக்கய்யா"ன்னேன். நெசந்தானே? நாளைக்கே ஒண்ணுன்னா எங்க ஊரு எப்படி ஏறணும்னு இப்ப எங்களுக்குத் தெரியும். வேற எந்த மெம்பரு இப்படி ஒத்திகை பாத்திருக்கா?

வெள்ளம் வடிஞ்சுது. கரை நின்னுச்சு. அம்மை எறங்கினா தலைக்குத் தண்ணி ஊத்தணும்ல? ஊரு கூடி, கரைக்குத் தலையில தண்ணி ஊத்தினோம். மொத குடத்தை ஆன்சிதான் ஊத்துச்சு, கழுத்துல சிலுவையோட. அன்னிக்கு எல்லா வீட்டுலயும் தாளிச்ச வாசனை பாரு, தெருவே தும்முச்சு.

அன்னிக்கு அது என்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. "அக்கா, அம்மை போட்ட எடத்துல பள்ளம் விட்டா தழும்பாயிரும்லா? களிமண்ணு கொண்டாந்து மூடிருவோம்க்கா"ன்னுச்சு. எனக்கு வாத்துக்குட்டை போவுதேன்னு மனசே இல்ல. ஆனா தழும்புன்னு சொன்னதும் தட்ட முடியல. வேதக்காரப் பொண்ணு எவ்வளவு முறை கத்துக்கிச்சு பாத்தியா! பக்கிரிசாமி டிராக்டர்லயே களிமண்ணு வந்துச்சு. அது கூடவே நின்னு, கெட்டிக்கச் சொல்லி, மேல ஏறி மிதிச்சு மிதிச்சுப் பாத்துட்டுத்தான் ஊரை விட்டே போச்சு.

போன மாசம் அந்த ஆராய்ச்சிப் புஸ்தகத்தை அட்டை போட்டு எடுத்துக்கிட்டு வந்துச்சு. இத்தந் தண்டி. எல்லாம் இங்கிலீஷு. எங்க ஊரு வர்ற எடத்தை மட்டும் தமிழ்ல படிச்சுக் காட்டுடின்னேன். படிச்சுக்கிட்டே வந்துச்சு. ஒரு எடத்துல நின்னுச்சு. தண்ணி குடிச்சுது. அப்புறம் மெதுவாப் படிச்சுது: "இக்கரையின் அடியில் ஒருவர் களிமண்ணை வெட்டி எடுத்திருந்ததால், மேல்மூடி மெலிந்து, கொப்புளம் தோன்றியது."

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம்! "எவன்டி அவன்?"ன்னேன்.

"தெரியலக்கா"ன்னுச்சு.

"எங்க வார்டுல எனக்குத் தெரியாம எவன்டி வெட்டினான்? பக்கிரிசாமியா? அவன்தான் மண்ணு மண்ணுன்னு அலைவான்."

"இல்லக்கா, இல்லக்கா. அண்ணன் இல்ல"ன்னு பதறிச்சு. "யாருன்னா என்னக்கா? நல்லவங்கதான். தெரியாம செஞ்சிட்டாங்க. எனக்குச் சோறு போட்ட ஊருக்கா அது"ன்னு என் கையைப் புடிச்சுக்கிச்சு. ஊரே முழுவிப் போயிருக்கும், அவனுக்குப் போயி பரிஞ்சு பேசுது. அவ்வளவு எளகின மனசும்மா அதுக்கு. அந்த மனசை நெனைச்சாத்தான் எனக்குப் பயம், இந்த ஒலகத்துல எப்படிப் பொழைக்கும்?

இன்னிக்குத்தான் அதுக்குக் கடைசிப் பரீட்சை. எழுதறது இல்ல. மேடையில நின்னு பேசணும், பெரிய பெரிய ஆளுங்க கேள்வி கேப்பாங்களாம். அவங்க மட்டும் இல்ல, வந்திருக்கிற யாரு வேணும்னாலும் கேக்கலாமாம். அதுதான் சட்டமாம். அதை ஆன்சிதான் போன்ல சொல்லிச்சு. "தெரியாத கேள்வியா கேட்டா நாக்கு ஒட்டிக்கிடும்க்கா, பயமா இருக்கு"ன்னுச்சு. "நான் வரேண்டி"ன்னேன். "ஐயோ வேண்டாம்க்கா! வெயிலு, பஸ்ஸு கூட்டம், உங்களுக்கு முட்டி வலி வேற"ன்னு அப்படித் தடுத்துச்சு. என் மேல பாசம்னா பாசம், அப்படி ஒரு பாசம். அதனாலதான் சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டேன். போயி நிக்கிறப்ப அது மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு.

நான் ரோசனை பண்ணி வெச்சிருக்கேன். தெரியாத ஆளு, தெரியாத கேள்வி கேட்டாத்தானே நாக்கு ஒட்டும்? தெரிஞ்ச ஆளு, அதுக்கு நல்லாப் பதில் தெரிஞ்ச கேள்வியாக் கேட்டா, டாண்ணு சொல்லிடும். எல்லாரும் கை தட்டுவாங்க. ஒரே கேள்விதான். எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன். சொல்லட்டா? "நாணல்படுகை நாலாவது வார்டு மெம்பர் தையல்நாயகி கேக்குறேன். எங்க கரைக்கடியில களிமண்ணை வெட்டினது யாரு? எதுக்கும் பயப்படாம, இந்தச் சபையில அவங்க பேரைச் சொல்லு!"

எப்படி இருக்கு? முட்டைப் பையை இப்படி இறுக்கிப் புடிக்காதே, நசுங்கிடப் போவுது. குடு, எறங்குற எடம் வந்துடுச்சு போல. ஏம்மா, நீ படிச்ச பொண்ணாட்டம் இருக்கே, உனக்குத் தெரியும். அங்க மைக் குடுப்பாங்கல்ல?